ஆயுத பூஜையன்று மூடாமல் போன லாக்

சங்கராபுரம்,
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை.

கோயம்புத்தூரில் பெரிய கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி அன்புச்செல்வனுக்கு, சங்கராபுரத்திலிருந்து அண்ணன் பொன்னுரங்கம், எம்.எஸ்சி., ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அண்ணி கலையரசியும் உன் அக்கா செந்தமிழ்ச்செல்வியும் நலம். அங்கே நீயும் கோகிலவாணியும் குழந்தை சங்கவியும் நலமாக இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. என் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டிருப்பதைக் கவனித்திருப்பாய். உன் கல்யாணப் பத்திரிகையில் அது விடுபட்டுப் போயிற்று. உன் சகலையின் டிப்ளமா மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. வருஷங்கள் ஆகிவிட்டன. நான் அதை மறந்துவிட்டேன்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் நம்பரை நான் பிளாக் செய்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். அதை இப்போது எடுத்துவிட்டால் நான் இறங்கி வந்ததாகிவிடும். கடிதம் எழுதுவது இறங்கி வருவதில் சேராது. மேலும் இந்தக் கவருக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதைத் தனியாக அனுப்பினால் எதற்கென்று உனக்குப் புரியாது என்பதால்தான் துணைக்கு இந்தக் கடிதம். மற்றபடி உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலைக்குப் போன புதிதில் எனக்காக எழுதிக் கொடுத்த அந்தப் புரோகிராமில்தான் நம் திருமணத் தகவல் மையம் இன்றுவரை ஓடுகிறது. சரியாகச் சொன்னால், ஆயுத பூஜை வரை ஓடியது. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய ஒருவன் கல்லூரியில் பாடம் சொல்லாமல், யாருக்குச் செவ்வாய் தோஷம், யாருக்கு ராகு கேது என்று கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்றால் அதற்கு யார் யார் காரணம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லூரி வேலை இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முகமெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அதில் ஒருவர் ரிட்டயர் ஆகிவிட்டார், அவர் மகனுக்கு நான்தான் பெண் பார்த்துக் கொடுத்தேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை, கல்யாணத்துக்குப் போய் அட்சதைகூடப் போட்டேன், ஆனாலும் முகம் நினைவிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இத்தனை பேருக்கு ஜோடி சேர்த்து வைத்தவன் வீட்டிலேயே முப்பத்தேழு வயதில் ஒரு தங்கை கல்யாணம் ஆகாமல் கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்றால், வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நீ யோசித்ததுண்டா? யோசித்திருக்க மாட்டாய். அக்கா இருக்கும்போதே நீ மாலை போட்டுக்கொண்டாய். அவளே உன்னைப் பண்ணிக்கொள்ளச் சொன்னாள் என்பது வேறு விஷயம். அவள் சொல்வாள், நீ கேட்டிருக்கக் கூடாது. வந்த வரன்களுக்கும் குறைவில்லை. போன தையில் ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு கொஞ்சம் வாயாடின்னு கேள்விப்பட்டோம்" என்றார். நம் செல்வி தட்டை நீட்டியபடியே, "கொஞ்சம்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டாள். அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவது அவள் சுபாவம். சாப்பாட்டில் உப்பு கம்மி என்றால் கம்மி என்பாள், சமைத்தவர் கலெக்டராக இருந்தாலும் சரி. இதற்காகவே எத்தனையோ வரன் தட்டிப்போயிற்று.

அப்படிப்பட்டவள் ஆயுத பூஜையன்று காலை, பள்ளிக்கூடம் லீவு என்பதால் மையத்தில் வந்து உட்கார்ந்து, பொழுது போகாமல் ஒவ்வொரு வரனாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் புரோகிராமில் வரன் பார்க்கிறவர்களுக்குப் பெயர் தெரியாது, படம் தெரியாது, போன் நம்பர் தெரியாது. இரண்டு தரப்பும் விருப்பம் சொன்ன பிறகுதான் பெயரே திரையில் வரும். பிரைவசி என்று அன்றைக்கு எனக்கு வகுப்பெடுத்தாய். ஜாதகக் கட்டையும் எதிர்பார்ப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மனுஷன் எப்படியடா முடிவு பண்ணுவான் என்று நான் கேட்டதற்கு, அதுதான் அண்ணா சரி என்றாய். பேப்பரில் எதையும் வைக்காதீர்கள், எல்லாம் நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள் என்றும் நீதான் சொன்னாய். நானும் விண்ணப்பங்களை எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போண்டா மடிக்கக் கொடுத்துவிட்டேன்.

எதிர்பார்ப்பு என்ற இடத்தில் ஆண்பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்று உனக்குத் தெரியும். குடும்பப் பாங்கான பெண், அடக்கமான பெண், நன்றாகச் சமைக்கத் தெரிந்த பெண். செல்வி அன்றைக்கு ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டாள். வயது நாற்பது, சுயதொழில், இருப்பிடம் கல்வராயன் மலை, உயரம் ஐந்தடி ஏழு. எதிர்பார்ப்பில் இப்படி இருந்தது: "சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் சமைப்பேன். சாப்பிட்டுவிட்டு உள்ளதைச் சொன்னால் போதும்."

நான் அப்போது வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "அண்ணா, இது யாரு?" என்று குரல் கொடுத்தாள். எந்த வரனைப் பற்றியும் அவள் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "விருப்பம்னு ஒண்ணு இருக்குதே, அத அமுக்கினா இன்னா ஆவும்?" என்றாள். அமுக்கம்மா அமுக்கு என்று நான் ஈரக் கையோடு ஓடி வந்தேன். நான் வாசற்படியைத் தாண்டுவதற்குள் உன் அண்ணி மஞ்சள் கிண்ணத்தோடு பின்கட்டிலிருந்து வந்துவிட்டாள்.

அவள் மீது தப்பில்லை என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் மிக்சிக்குப் பொட்டு வைத்தாயிற்று, கிரைண்டருக்கு வைத்தாயிற்று, அரிவாள்மணைக்கு, கடப்பாரைக்கு, என் வண்டிக்கு எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. "நமக்குச் சோறு போடறதே இந்தப் பொட்டிதான். இத மட்டும் சாமி படத்தாண்ட வைக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். செல்வி, "அண்ணி, ஒரே நிமிசம்" என்றாள். "நல்ல நேரம் முடியப் போவுது செல்வி. இன்னைக்கு ஒரு நாளு அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினாள். யுபிஎஸ் இருக்கிறதே, அதற்குப் பயமில்லை என்று நினைப்பாய். அது கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. பூஜை நேரத்தில் இன்னா அபசகுனம் இது என்று அதையும் அமுக்கிவிட்டாள். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டு, மேலே தாம்பாளத்தில் பொரியும் பொட்டுக்கடலையும் வைத்துக் கற்பூரம் காட்டினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது என்ன நடந்திருக்கிறது என்று தெரியாது.

விஜயதசமியன்று மாலையைக் கழற்றிவிட்டுப் போட்டால், திரையில் ஆங்கிலத்தில் ஒரு சேதி: முந்தைய லாக் (பூட்டு அல்ல, புரோகிராமின் குறிப்பேடு) சரியாக மூடப்படவில்லை, ஆகவே திறக்க முடியாது. நான் படித்தவன், அதனால் பயந்தேன். படிக்காதவனாக இருந்தால் இரண்டு தட்டு தட்டியிருப்பேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சின்னராசுவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பெட்டியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஒரு கை பொரியை அள்ளி எடுத்தார்.

"சார், நான் கரப்பான் பூச்சி எடுத்துகிறேன், எலிக்குட்டி எடுத்துகிறேன். பொட்டுக்கடலை எடுக்கறது இதான் சார் மொத தபா."

"டேட்டா திரும்ப வருமா, அதைச் சொல்லுங்கள்" என்றேன்.

"டேட்டா எங்க சார் போச்சு? அது நல்லாத்தான் கீது. இந்த லாக்கு பைலுதான் பிரச்சன. இது இன்னா, சும்மா புரோகிராமு கிறுக்கி வைக்கற குப்பை. தூக்கிப் போட்டுட்டா டக்குனு ஓப்பன் ஆயிடும்."

அழித்துவிடாதீர்கள், எங்கேயாவது எடுத்து வையுங்கள் என்று நான் கத்தினதால் அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதுதான் இந்தக் கவரில் இருப்பது. அவர் சொன்னபடியே டக்கென்று திறந்தது, நெட் ஒயரை மட்டும் வைரஸ் வரும் என்று மாட்டாமல் விட்டார். திறந்து பார்த்தால் ஆடி மாதம் வரைக்கும்தான் இருக்கிறது.

நீ முன்பு விளக்கிச் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாம் ஏற்றுவதையெல்லாம் புரோகிராம் முதலில் லாக்கில் வரிசையாகக் குறித்துக்கொள்ளும், பிறகு சாவகாசமாக அதது போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் அடுக்கும் என்றாய். உன் அண்ணி பகலெல்லாம் தெருவில் கேட்டதை மனதில் வரிசையாகப் போட்டு வைத்துக்கொண்டு, நான் சாப்பிட உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக என் தலையில் இறக்குவாளே, அப்படித்தான். ஆனால் அடுக்கும் வேலையை, மெனுவில் போய் 'மூடு' என்று கொடுத்தால்தான் செய்யும்படி நீ எழுதி வைத்திருக்கிறாய். நாங்கள் யார் அதை மூடினோம்? சாயங்காலமானால் திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குள் போவோம். ஆடியில் யாரும் வரன் தேட மாட்டார்கள் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை ஆடி மாதம் மட்டும் ஒழுங்காக மூடிப் பூட்டுப் போடுவேன். ஆக, ஆவணியிலும் புரட்டாசியிலும் வந்த அத்தனை பேரும் லாக்கிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள், உள்ளே போகாமல்.

இது புரிவதற்குள் நான் பட்ட பாட்டைக் கேள். ஆடி மாதத்துக் கணக்குப்படி திருநாவலூர் சக்கரவர்த்திக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. புதிதாக ஒரு பெண் வந்திருந்தது, பி.எட்., நல்ல இடம். கம்ப்யூட்டர் பொருத்தம் என்று காட்டியது. நானும் உற்சாகமாகப் போன் போட்டேன். ஒரு பெண்குரல் எடுத்தது. "சக்கரவர்த்திக்கு அருமையான வரன் ஒன்று வந்திருக்கிறது, வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்றேன். "நான் அவரு பொண்டாட்டி தேவதர்ஷினி பேசறேன்" என்று பதில் வந்தது. ஆவணியில் அவர்களுக்கு முடித்து வைத்தவனே நான்தான், தம்பி. முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அந்தப் பெண் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. நான் கள்ளக்குறிச்சி போய், உளுந்தூர்பேட்டை பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருநாவலூர் போய், பெரியவர்கள் சுற்றி நிற்க, கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, இது கம்ப்யூட்டர் செய்த தப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று. எம்.எஸ்சி. படித்தவன்.

தேவதர்ஷினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டருக்கு மறந்து போச்சு, சரி. உங்களுக்கு எப்பிடி சார் மறந்துச்சு? ரெண்டு வாட்டி பாயசம் கேட்டு வாங்கினீங்களே, நான் மேடயிலேர்ந்து பாத்துக்கினுதானே இருந்தேன்" என்றாள். சக்கரவர்த்தி என் பின்னால் நின்று, "சார், நீங்க நல்லா இருங்க, ஆனா இனிமே எனக்குப் போன் மட்டும் பண்ணாதீங்க" என்றான். இப்போது சேர்ந்துவிட்டார்கள். கிளம்பும்போது ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள். பாயசம் கொடுக்கவில்லை.

இதெல்லாம் என் மானம் போகிற விஷயம், போகட்டும். மற்றவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மறுபடி விவரம் வாங்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே திரும்ப வந்து, இன்னும் ஒண்ணும் வரலியா சார் என்று திட்டிவிட்டுப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஒருவர் மட்டும் வரவில்லை. மலையிலிருந்து ஒருமுறை இறங்கி வந்து பதிந்துவிட்டுப் போனவர். நான்தான் பதிந்திருக்க வேண்டும், ஆனால் அன்றைக்கு மையத்தில் கூட்டம். பெயர் நினைவில்லை, முகம் நினைவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய இன்டர்வியூ முகமெல்லாம் நினைவிருக்கும் மூளைக்குப் புரட்டாசியில் வந்த முகம் நினைவில்லை என்றால் இதை என்னவென்று சொல்வது!

சரி, நேரிலேயே தேடிவிடுவோம் என்று சின்னராசுவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு அவர், "சார், நீங்களும் சாயணும் சார், வண்டியோட சாயணும்" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் யாருக்காகவும் சாய்ந்தவனில்லை. வெள்ளிமலையில் ஒரு டீக்கடையில் இறங்கி, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைக்காரர் பெயர் முனியன்.

"யாரப் பாக்கணுங்க?"

"ஒருவரைத் தேடி வந்தோம்."

"பேரு?"

"தெரியாது."

"எந்த ஊருங்க? மலையில எவ்ளோ ஊரு கீது."

"அதுவும் தெரியாது. வயது நாற்பது, உயரம் ஐந்தடி ஏழு."

முனியன் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரு தெரியாது, ஊரு தெரியாது, ஒசரம் மட்டும் தெரியும்னா... நீங்க போலீசுங்களா?"

"இல்லை இல்லை, கல்யாண விஷயம். அவர் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர்" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர், "கல்யாணம் ஆனவனே நானு தானாத்தான் சமைச்சு சாப்புட்றேன். என்னயும் சேத்துக்குங்க" என்றார். இன்னொருவர் அவர் மச்சானின் உயரத்தைச் சுவரில் கையால் அளந்து காட்டினார். அந்தச் சுயதொழில் என்ன தொழில் என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். அதற்குப் பிறகு என்மேல் அவர்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. டீக்குக் காசு வாங்கவில்லை. ஒரு பை சாமை அரிசி கொடுத்து அனுப்பினார்கள். புதிதாக இருவர் பெயர் பதிந்துகொண்டார்கள். ஆனால் அந்த மனுஷர் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, இல்லையம்மா, கிடைக்கவில்லை என்று செல்வியிடம் சொன்னேன். ஒன்று சொன்னால் பத்து சொல்கிறவள் அன்றைக்கு, "போனா போவுது, வுடுண்ணா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சாமையில்தான் உன் அண்ணி அன்று சோறு பொங்கினாள், நான் வந்த கோலத்தைப் பார்த்த பதற்றத்தில் குழம்பில் உப்பே போடவில்லை. எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. செல்வி ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். தம்பி, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தப் பென் டிரைவில் உள்ள லாக்கை நானே திறந்து பார்த்தேன். என்னென்னவோ குறிகளுக்கு நடுவே தமிழ்ப் பெயர்கள் தெரிகின்றன, ஆவணியில் வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் போனால் ஓர் இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறது. சின்னராசு ஆரம்பத்தில் ஏதோ ரிப்பேர் என்று கட்டளை கொடுத்தார், அதில் கெட்டதோ, ஒயரைப் பிடுங்கியதில் கெட்டதோ, எனக்குத் தெரியாது. உன் புரோகிராம் முதலிலிருந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டே வருகிறது, அந்தக் கெட்ட இடம் வந்ததும் அதோடு நின்றுவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட மறுக்கிறது. நீ எழுதியது வேறு எப்படி இருக்கும்? அந்த இடத்தைத் தாண்டிப் போய், அடுத்து எங்கே ஒழுங்காக ஆரம்பிக்கிறதோ அங்கேயிருந்து படிக்க வைக்க உன்னால் முடியும் என்று நினைக்கிறேன். ஆவணி போகட்டும், புரட்டாசியில் வந்த மற்றவர்களும் போகட்டும். கடைசியில் ஒருவர் இருப்பார், அவர் ஒருவரை மட்டும் எடுத்துக் கொடு.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு பெரிய கம்பெனியில் ஊரான் டேட்டாவையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறவன், சொந்த அண்ணனுக்கு எழுதிக் கொடுத்ததில் ஒரு நகல் வேறெங்காவது போகும்படி செய்திருக்கக் கூடாதா? கோயம்புத்தூர் போனதிலிருந்து நம் மையம் இருக்கிறதா மூடிவிட்டோமா என்று ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கிறாயா? உனக்கு அண்ணனும் வேண்டாம், அக்காவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறித்து வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

குழந்தை சங்கவிக்கு இந்தப் பக்கத்துக் காற்று ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை, லீவுக்கு அழைத்து வந்தால் பார்த்துக்கொள்ளலாம். கோகிலவாணிக்கு என் விசாரிப்பு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, சின்ன வயதிலிருந்தே உனக்கு வயிறு சரியில்லை. எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத செல்வத்தோடும் வாழ வாழ்த்துகிறேன், கோபம் கோபமாகவே இருக்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
பொன்னுரங்கம், எம்.எஸ்சி.

பின்குறிப்பு: கவரை ஒட்டலாம் என்று பசையை எடுக்கும்போது உன் அண்ணியின் போன் அடித்தது. அவள் எடுத்து, "உங்க தம்பி" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே என் காதில் வைத்துவிட்டாள். நீ மாதாமாதம் அவளோடும் செல்வியோடும் பேசிக்கொண்டிருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த வீட்டில் உன்னோடு பேசாமல் இருந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

நீ என்ன பேசினாய் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

"அண்ணா, வைக்காதீங்க. உடம்பு நல்லாத்தானே கீது?"

"எனக்கென்னடா? நல்லாத்தான் கீறேன்."

"பூஜை லீவுன்னு நெனச்சேன். லீவு முடிஞ்சும் ஒண்ணும் வரலன்னதும் பயந்துட்டேண்ணா. ஆடி மாசத்துல கூட நீங்க பூட்டறதுக்குள்ள ரெண்டு வரி வந்துரும்."

"எங்கடா வந்துரும்?"

"இங்கதான். நீங்க ஏத்தறது ஒவ்வொண்ணும் அப்பவே எங்கிட்ட ஒரு காப்பி வந்துக்கினே இருக்குது. ஆரம்பத்துலேர்ந்தே. டெய்லி ராத்திரி சாப்ட்டதும் பாப்பேன், இன்னைக்கு யார் யாரு வந்தாங்க, அண்ணன் யாருக்கு யாரச் சேத்தாருன்னு."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் பேசலியே."

எடுத்த பசையைக் கீழே வைத்தேன். ஆகவே தம்பி, மேலே நான் எழுதியிருப்பதில் பெரும்பாலானவை தப்பு. பென் டிரைவ் தேவையில்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன், இவ்வளவு தூரம் எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை.

அந்த மனுஷர் உன்னிடம் பத்திரமாக இருக்கிறார் என்றாய். பெயர் கவியரசன், வெள்ளிமலைக்கு மேலே தேன்பெட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்: "கடைசி வரி பாதியில நிக்குதுண்ணா. அக்கா பேரு இருக்குது, அவரு பதிவு நம்பரு இருக்குது. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. விருப்பம்னாங்களா, இல்லன்னாங்களா? அது தெரியாம நானு எப்பிடி அவருகிட்ட பேசறது?"

நான் திரும்பிச் செல்வியைப் பார்த்தேன். அவள் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே, "நடுவுல நீங்க ரெண்டு பேரும் எதுக்கு? நம்பரச் சொல்லச் சொல்லு" என்றாள். நீ சொன்னாய். அவள் தன் போனில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அது நடந்து நேரமாகிவிட்டது. தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசுகிறாள். உன் அண்ணி இரண்டுமுறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று ஜன்னலை நானே சாத்தினேன், பிறகு கொஞ்சம் திறந்தேன். இப்போது இங்கே விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிற்கிறாள். சிரிக்கிறாள். காலில் செருப்புகூடப் போடாமல் போயிருக்கிறாள்.

அந்தக் கடைசி வரியை நீயே முடித்துக்கொள். முடித்துவிட்டு ஒழுங்காக மூடு.